பொறியியல் மாணவரும் ஆங்கிலப் பேச்சும்

திருச்சிராப்பள்ளியைச் சுற்றிப் பொறியியற் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. தஞ்சை நெடுஞ்சாலையில் துவாக்குடி அருகே தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. 1964இல் மண்டலப் பொறியியற் கல்லூரியாகத் தோன்றி, 2003இல் இப்பெயர் பெற்றது. புதுக்கோட்டைச் சாலையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்று. மதுரைச் சாலைப் பக்கம் சேதுராப்பட்டியில் 2013இல் தொடங்கப்பட்ட அரசு பொறியியற் கல்லூரி. இதற்கு ஸ்ரீரங்கம் அரசு பொறியியற் கல்லூரி என்று பெயர். பெயரை நம்பி ஒன்றாம் எண் பேருந்தில் ஏறித் திருவரங்கத்தில் இறங்கினால் அரங்கனைத் தரிசிக்கலாமே தவிர, கல்லூரியைக் காண இயலாது. தனியார் கல்லூரிகளை எண்ணப் புகுந்தால் இவ்விதழின் பக்கங்கள் போதா.

இக்கல்லூரிகளில் பயிலும் நம் வயதினர் கணிதம், வரைபடம், பட்டறைப் பயிற்சி ஆகியவற்றோடு, எந்தக் கால அட்டவணையிலும் முழுதாக இடம்பெறாத ஒரு பாடத்தையும் நான்காண்டும் பயில்கின்றனர். ஆங்கிலத்தில் வாய் திறந்து பேசுவதே அப்பாடம். அதை அவர்கள் எப்படிச் சமாளிக்கின்றனர் என்பதை எழுதவே முற்பட்டேன்.

இயற்பியல் மாணவனுக்குப் பொறியியல் மாணவரின் பாடு எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். மேனிலைப் பள்ளியில் என்னோடு ஒரே பலகையில் அமர்ந்து தமிழ்வழியில் படித்தவர்களில் பலர் இன்று அக்கல்லூரிகளில் இருக்கின்றனர். 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டன. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. எங்கள் வீடுகளில் கல்லூரி வாசலை மிதித்த முதல் தலைமுறை நாங்கள்தாம். வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவர் எங்களுள் எவருமில்லை. ஞாயிறுதோறும் சந்திக்கும்போது அவர்கள் சொல்லக் கேட்டவையும், நான் நேரில் கண்டவையும், நூலகத்தில் படித்தவையும் இக்கட்டுரைக்கு அடிப்படை. நாளை வேலை தேடும் நாளில் அவர்களும் நாமும் ஒரே நாற்காலி வரிசையில்தான் காத்திருக்கப் போகிறோம்.

‘இவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். இது பாதி உண்மைகூட இல்லை. பன்னிரண்டாம் வகுப்புவரை ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்து, கட்டுரையும் கடிதமும் எழுதித் தேறியவர்கள் இவர்கள். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றச் சொன்னால் நொடியில் மாற்றுவர். ஆனால் அத்தனை ஆண்டுகளில் ஆங்கிலத்தில் ஒருவரிடம் ஏதேனும் ஒன்றைக் கேட்டுப் பெற வேண்டிய தேவை ஒருமுறையும் நேர்ந்ததில்லை. நீச்சலைப் பற்றி எழுதித் தேர்வில் நூறு மதிப்பெண் வாங்கியவனைக் காவிரியில் இறக்கிவிட்ட நிலைதான் முதலாண்டு.

முதல் இடறல் கலைச்சொல்லில் வருகிறது. நிலைமத் திருப்புத்திறன் என்றால் என் நண்பனுக்கு நன்றாகத் தெரியும். வட்டத்தட்டுக்கும் திண்மக் கோளத்துக்கும் சமன்பாட்டை வருவித்துக் காட்டுவான். முதல் வாரம் வகுப்பில் ‘மொமென்ட் ஆஃப் இனர்ஷியா’ என்ற சொல் வந்தது. அது தன் பழைய நண்பன்தான், சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான் என்று அறிய அவனுக்கு மூன்று நாள் ஆயிற்றாம். தகைவு ‘ஸ்ட்ரெஸ்’ ஆகவும், திரிபு ‘ஸ்ட்ரெயின்’ ஆகவும், மின்தேக்கி ‘கெப்பாசிட்டர்’ ஆகவும் உருமாறி வந்து நிற்கின்றன. தெரிந்ததைத் தெரியாதது என்று எண்ணி மிரளும் இந்த முதல் மூன்று மாதங்களில்தான் பலர் மனம் சோர்ந்து போகின்றனர். இதற்கு அவர்கள் கண்ட வழி எளிது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நடுவே கோடிட்டு இடப்பக்கம் தமிழ்ச்சொல், வலப்பக்கம் ஆங்கிலச்சொல். மூத்த மாணவரிடமிருந்து இளையவருக்கு அந்த நோட்டு கைமாறும். ஒன்றை நான் பார்த்தேன். எண்ணெய்க் கறையும் தேநீர்க் கறையும் படிந்து, அட்டை கிழிந்து, ஏறக்குறைய ஒரு குடும்பச் சொத்துப் போல் இருந்தது. எந்தப் பதிப்பகமும் அச்சிடாத அகராதி அது.

சொல் வசப்பட்டாலும் வாக்கியம் வசப்படுவதில்லை. காரணம் நம் மொழியின் அமைப்பிலேயே உள்ளது. தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். ‘நேற்றுப் பட்டறையில் உடைந்த பல்சக்கரத்தை நான்’ என்பதுவரை சொல்லிவிட்டு, பார்த்தேன் என்பதா, பார்க்கவில்லை என்பதா என்று முடிவு செய்ய நமக்கு அவகாசம் உண்டு. ஆங்கிலத்தில் எழுவாயைச் சொன்ன மறுகணமே வினையை எடுத்தாக வேண்டும்; இல்லை என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். ‘உடைந்த பல்சக்கரம்’ போன்ற எச்சம் கொஞ்சம் நீண்டு, ‘நேற்று நாங்கள் கடைந்த உருளை’ என்றானால் ஆங்கிலத்தில் உருளை முன்னே வந்து, கடைந்த கதை பின்னே போகும். ஏறக்குறைய வாக்கியத்தைத் தலைகீழாக நடக்க வைப்பது போல! பேசும்போது இடையில் நின்று திணறுவது அறிவின் குறையன்று. மனத்துள் இந்தத் தலைகீழ் மாற்றம் நடந்து முடியும்வரை ஆகும் நேரம் அது. இவற்றோடு ‘ஏ’, ‘ஆன்’, ‘தி’ என்னும் மூன்று சின்னஞ்சிறு சொற்கள் வேறு. தமிழில் இவற்றுக்கு ஈடு இல்லாததால், எங்கே இடுவது எங்கே விடுவது என்பது பலருக்குக் கடைசிவரை பிடிபடுவதில்லை.

ஒலியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ககரம் ஒன்றே நமக்கு இடத்துக்கேற்ப இருவகையாய் ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் அவை இருவேறு எழுத்துகள், மாறினால் பொருளே மாறும். இதை எல்லாரும் அறிவர். அறியாதது அழுத்தம். ‘அனலைஸ்’ என்னும் சொல்லில் அழுத்தம் முதல் அசையில். ‘அனாலிசிஸ்’ என்றால் இரண்டாம் அசைக்குத் தாவும். ‘அனலிட்டிக்கல்’ என்றால் மூன்றாம் அசைக்குப் போய்விடும். ஒரே குடும்பத்துச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் குரல் ஏறும் இடம் வேறு. எல்லா அசைகளையும் ஏறத்தாழச் சமமாக ஒலித்துப் பழகிய நம் காதுக்கு இது எளிதில் புலப்படாது. நாம் சரியான சொல்லைச் சொல்லியும் எதிரில் இருப்பவர் ‘பார்டன்?’ என்று கேட்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பையன் தன் இலக்கணம் பிழைத்துவிட்டது என்று எண்ணி வாயை மூடிக்கொள்கிறான். பிழைத்தது ஓர் அசை மட்டுமே.

வகுப்பறையில் இத்தனையையும் எப்படித் தாண்டுகிறார்கள்? நம் கல்லூரியில் நடப்பதே அங்கும் நடக்கிறது. ஆசிரியர் வரையறையை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ‘அதாவது’ என்று தொடங்கித் தமிழில் விளக்குகிறார். அந்த ‘அதாவது’க்குப் பின்தான் பாடத்துக்கு உயிர் வருகிறது. ‘லோடு அப்ளை பண்ணும்போது பீம் கீழ்ப்பக்கம் இழுபடும்’ என்று சொன்னால் புரியாதவர் யார்? திருவெறும்பூரில் 1960களில் எழுந்த பாரத மிகுமின் நிறுவனமாகிய ‘பெல்’லைச் சுற்றியுள்ள பட்டறைகளில் பேசப்படுவதும் இம்மொழியே. வெல்டிங், ஃபிளேஞ்ச், பாய்லர் டிரம் என்று பெயர்ச்சொற்கள் ஆங்கிலம்; வினை முழுதும் தமிழ். வரைபடம் ஆங்கிலத்தில் இருக்கும், அதைப் பார்த்து வேலை நடப்பது தமிழில். இதைக் கலப்படம் என்று தமிழாசிரியர்கள் கடிந்துகொள்வர். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஆயினும் இந்தக் கலவை மொழி இல்லையேல் என் நண்பர்களுள் பாதிப் பேர் முதலாண்டைத் தாண்டியிரார் என்பது என் கருத்து. குறை வேறிடத்தில் இருக்கிறது. நேர்முகத் தேர்வு அறையில் ‘அதாவது’ என்று சொல்ல ஆள் இல்லை.

சமாளிக்கும் வழிகளுள் மிகப் பழமையானது மௌனம். ஐயம் எழுந்தாலும் கேட்பதில்லை. கேட்க வேண்டுமானால் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும், கேட்டால் பின்வரிசையில் சிரிப்பு எழும். அடுத்தது மனப்பாடம். ‘டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்’ என்னும் கேள்விக்கு ஒரு விடை விடுதி விடுதியாகச் சுற்றிவருகிறது. ஊர்ப் பெயரையும் தந்தை பெயரையும் மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். அதில் எல்லாருடைய வலிமையும் கடின உழைப்பு. எல்லாருடைய பலவீனமும் பிறரை எளிதில் நம்பிவிடுவது. ஒரே நாளில் நாற்பது பேர் இதை ஒப்பித்தால் எதிரில் அமர்ந்திருப்பவர் என்ன நினைப்பார்? மேலும், மனப்பாடத்தில் ஒரு சொல் தவறினால் பின்னால் வரும் அனைத்தும் தொடர்வண்டிப் பெட்டிகள் போல் தடம் புரளும்.

அதிகாரத்தால் பேச வைக்க முயன்ற கதையும் உண்டு. ஒரு தனியார் கல்லூரியில் வளாகத்துக்குள் தமிழ் பேசினால் தண்டம் என்று விதி வைத்தார்களாம். மாணவர் ஆங்கிலம் பேசத் தொடங்கவில்லை. நடைகூடத்தில் பேசுவதையே நிறுத்திவிட்டு, பேருந்தில் ஏறியபின் பேசிக்கொண்டனர். கல்லூரி சில வாரம் மிக அமைதியாக இருந்தது என்று அங்குப் படிக்கும் நண்பன் சொன்னான்.

மொழியியலார் இதைப் பற்றி ஆராய்ந்திருக்கின்றனர். அமெரிக்கரான ஸ்டீபன் கிராஷன் 1980களில் எழுதிய நூல்களில், அச்சமும் கூச்சமும் மிகும்போது மனத்துள் ஒரு வடிகட்டி எழுந்து, காதில் விழும் மொழியை உள்ளே விடாமல் தடுக்கிறது என்கிறார். பேசும்போதே இலக்கணத்தைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் ஒரு காவலன் நம்முள் உண்டு என்றும், அவனுக்கு நேரம் கொடுத்தால்தான் வேலை செய்வான் என்றும் சொல்கிறார். எழுத்துத் தேர்வில் மூன்று மணி நேரம் உண்டு. பேச்சில் மூன்று நொடிகூட இல்லை. நன்றாக எழுதுபவன் பேச முடியாமல் நிற்பதன் சூட்சுமம் இங்கே விளங்குகிறது. கனடாவில் 1965இல் மாண்ட்ரியால் அருகே செயின்ட் லாம்பெர்ட்டில் ஆங்கிலக் குழந்தைகளுக்குப் பாடங்களைப் பிரெஞ்சு மொழியிலேயே கற்பிக்கத் தொடங்கினர். பின் அம்முறை நாடெங்கும் பரவியது. இத்தகைய வகுப்புகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன் 1985இல் ஒன்றைக் கூறினார்: பல்லாண்டு கேட்டதால் குழந்தைகள் நன்கு புரிந்துகொண்டனர், ஆனால் பேச்சு அதற்கு ஈடாக வளரவில்லை, கேட்பது போதாது, பேச வேண்டிய நெருக்கடியும் வேண்டும்.

இந்த நெருக்கடி எங்கே கிடைக்கிறது என்பதில்தான் நம் ஊர்க் கல்லூரிகளுக்குள் வேறுபாடு. தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் பாதி இடங்கள் பிற மாநிலத்தார்க்கு. அங்குச் சேர்ந்த எங்கள் பள்ளி மாணவன் ஒருவனுக்கு அறைத்தோழர்கள் ஒருவர் ஆந்திரர், ஒருவர் வங்காளி. வாளி எங்கே, விளக்கை அணைக்கலாமா, உன் ஊரில் மழை உண்டா என்று எதற்கும் ஆங்கிலம்தான். அவர்கள் பேசும் ஆங்கிலமும் செம்மையானதன்று. ஆகையால் எவரும் எவரைப் பார்த்தும் சிரிக்கவில்லை. ஆறே மாதத்தில் அவன் வாய் திறந்துவிட்டது. அரசு கல்லூரியில் சேர்ந்தவனுக்கோ அறையில் நால்வரும் தமிழர். அவர்கள் தமக்குள் ஆங்கிலம் பேசினால் அது நாடகம் போலத்தான் இருக்கும். இரண்டாம் நிமிடத்தில் சிரிப்பு வந்துவிடும். இருவரும் பள்ளியில் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் பெற்றவர்கள் என்பதை நான் அறிவேன்.

அரசும் பல்கலைக்கழகமும் சும்மா இருக்கவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் முதலிரு பருவங்களில் தொழில்முறை ஆங்கிலம் உண்டு. 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்திலும் ஆங்கிலப் பயிற்சி சேர்க்கப்பட்டது. பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அறுபது பேர் கொண்ட வகுப்பில் ஐம்பது நிமிடப் பாடவேளையில் ஒருவனுக்கு வாய் திறக்க ஒரு நிமிடம்கூடத் தேறாது, கணக்கு அவ்வளவுதான்.

தமிழிலேயே பொறியியல் படித்தால் என்ன என்ற கேள்வியும் எழும். 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2023இல் சில உறுப்புக் கல்லூரிகளில் அவற்றை நிறுத்துவதாக அறிவிப்பு வந்து, எதிர்ப்பு எழவே கைவிடப்பட்டது. ஜப்பானியர் தம் மொழியிலேயே பொறியியல் கற்கின்றனர். நம்மாலும் இயலும் என்றே நம்புகிறேன். ஆயினும் தமிழ்வழியில் படித்தவனும் நேர்முகத் தேர்வில் ஆங்கிலத்தில் பேச வேண்டியிருக்கும்வரை, இப்பாடத்திலிருந்து அவனுக்கும் விடுதலை இல்லை. அவ்விவாதத்தை இங்கு நீட்டவில்லை.

இனி நான் நேரில் கண்ட ஒன்று. திருவரங்கத்தில் இராசகோபுரத்தின் கீழ் வழிகாட்டிகள் சிலர் நிற்பர். வெளிநாட்டார் வந்தால் 13 நிலை, 236 அடி, 1987இல் முடிந்தது என்று தொடங்கி, ஏழு திருச்சுற்றுகளையும் 21 கோபுரங்களையும் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டே நடப்பர். அவர்களுள் ஒருவரிடம் ‘அண்ணே, எங்கே படிச்சீங்க?’ என்று கேட்டேன். ‘எட்டாவது வரைக்கும் தம்பி, அதுவும் பாதிநாள் போகல’ என்றார். அவருடைய வாக்கியங்களில் இறந்தகாலமும் நிகழ்காலமும் அவ்வப்போது இடம் மாறும். கேட்பவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. காரணத்தை எண்ணிப் பார்த்தேன். அவருக்குக் கோயிலைப் பற்றித் தெரியும், எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. ஆகவே அங்கு அவர்தான் ஆசிரியர். தன்னைப் பற்றி ஒப்பிக்காமல், தனக்குத் தெரிந்த பொருளைப் பற்றிப் பேசுகிறார்.

இதை நண்பர்களிடம் சொன்னேன். கட்டடப் பொறியியல் பயிலும் ஒருவனும் இயந்திரவியல் பயிலும் இருவரும் நானுமாக, அடுத்த ஞாயிறு ஆயிரங்கால் மண்டபத்தின் பக்கம் போய் நின்றோம். பெயர் ஆயிரங்கால், தூண்கள் 953 என்பர். ஏன் இத்தனை தூண்கள், பாதியை எடுத்துவிட்டால் இடம் விசாலமாக இருக்காதா என்று நாங்கள் கேட்பதென்றும், அவன் ஆங்கிலத்தில் விடை சொல்வதென்றும் ஏற்பாடு. இலக்கணத்தைத் திருத்தக் கூடாது. விளங்காவிட்டால் மட்டும் குறுக்கிட்டுக் கேட்கலாம். ‘ஸ்டோன் இஸ் ஸ்ட்ராங் இன் கம்ப்ரஷன், வீக் இன் டென்ஷன்’ என்று தொடங்கினான். கல் நசுக்கும் விசையை நன்கு தாங்கும். இழுக்கும் விசையை அதில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே தாங்கும். தூண்களின்மேல் கிடக்கும் கல் உத்தரம் தன் எடையால் வளையும்போது அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. நீளம் கூடினால் அடியில் விரிசல் விழும். ஆகவே உத்தரம் குறுகியதாக, தூண் நெருக்கமாக இருந்தாக வேண்டும். இன்றைய காங்கிரீட்டுக்கும் இதே குறை உள்ளதால்தான் அடிப்பக்கம் இரும்புக் கம்பி வைக்கிறோம் என்று முடித்தான். பன்னிரண்டு நிமிடம்! வகுப்பில் ஓராண்டில் அவன் பேசிய ஆங்கிலத்தைவிட இது மிகுதி. கையால் வளைவைக் காட்டினான், சொல் கிடைக்காத இரண்டிடத்தில் தமிழில் சொல்லிவிட்டுத் தொடர்ந்தான். ஒருவரும் சிரிக்கவில்லை, சிரிக்க எங்களுக்கு நேரமில்லை, விடையில் ஆழ்ந்திருந்தோம்.

தூய வளனார் கல்லூரியில் நம்மைப் போலவே இயற்பியல் பயின்று, பின்னர்ச் சென்னை எம்.ஐ.டி.யில் பொறியியல் கற்ற இருவரை இந்நகரம் நன்கறியும். ஒருவர் திருவரங்கத்து ரங்கராஜன், அதாவது எழுத்தாளர் சுஜாதா. மற்றவர் அப்துல் கலாம். கலாம் எம்.ஐ.டி.யில் படிக்கையில் நம் விமானத்தை நாமே செய்வது பற்றித் தமிழில் கட்டுரை எழுதிப் பரிசு பெற்றதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிடுகிறார். அவர் ஆங்கிலத்தில் இராமேசுவரத்து ஒலி கடைசிவரை மாறவில்லை. 2015 சூலை 27 அன்று ஷில்லாங்கில் மேடையில் ஆங்கிலத்தில் உரையாற்றிக்கொண்டிருந்தபோதே சாய்ந்தார். உலகம் அவர் சொன்ன பொருளைத்தான் கேட்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. மண்டபத்தில் பேசியவனுக்கு இரண்டு மூத்தவர்கள் சென்ற ஆண்டு ஒரே நிறுவனத்தின் வளாகத் தேர்வுக்குச் சென்றனர். ஒருவர் தம் செய்முறைத் திட்டமான நீரேற்றும் விசைக்குழாயின் வால்வைத் தாளில் வரைந்து, உடைந்த ஆங்கிலத்தில் அதன் கதையைச் சொன்னார், வேலை கிடைத்தது. மற்றவர் வகுப்பில் முதல் மாணவர். அவரிடம் திட்டத்தைப் பற்றி எவரும் கேட்கவில்லை. பொழுதுபோக்கு என்ன, ஐந்தாண்டு கழித்து எங்கிருப்பீர் என்று கேட்டனர். அவர் பேசாதிருந்தார். வீட்டுக்குக் கடிதமோ தொலைபேசியோ இன்றி ஒரு வாரம் விடுதியிலேயே இருந்தாராம். தாய் வயலில் நாற்று நடுபவர். மகன் பொறியாளன் ஆகிவிட்டான் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். தெரிந்ததைக் கேட்பவர் கிடைப்பதும் கிடைக்காததும் நம் கையில் இல்லை. கேட்காவிட்டாலும் பேச்சைத் தெரிந்த பொருளின் பக்கம் திருப்பப் பழக வேண்டும் என்று இப்போது மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லித் தருகின்றனர். பொழுதுபோக்கு என்ன என்றால் பழுதான மோட்டாரைப் பிரிப்பது என்று தொடங்கினால் பாதை திரும்பிவிடும்.

நம் கல்லூரியிலும் ஆய்வகப் பதிவேட்டை ஆங்கிலத்தில் எழுதுகிறோம், செய்முறையைத் தமிழில் பேசுகிறோம். இரண்டாமாண்டு இயற்பியல் மாணவர் சிலர், ஆசிரியரின் இசைவோடு, வியாழன்தோறும் செய்முறை வகுப்பு முடிந்தபின் அரைமணி நேரம் தங்கிவிடுகிறோம். ஒருவர் கருவியின் முன் நின்று, அதை இதுவரை காணாத ஒருவருக்கு விளக்குவதாகக் கொண்டு ஆங்கிலத்தில் பேச வேண்டும். சொல் முட்டினால் தமிழில் சொல்லலாம். வெர்னியர் அளவியும் ஸ்பெக்ட்ராமீட்டரும் முடிந்துவிட்டன. வரும் வாரம் பொட்டன்சியாமீட்டர். வேதியியல், கணிதத் துறை நண்பர்களும் வரலாம். மாலை மூன்றரை மணி, மாடியில் இரண்டாம் அறை.